பேரில் ஃபைனான்ஸ் இல்லாத டிகிரி

குவான்ட் ஃபைனான்ஸில், அதாவது நிதிக் கணிதத்தில், மேற்படிப்புக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: டிகிரியின் பேரிலேயே ஃபைனான்ஸ் என்று இருந்தால் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசி. எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணக்கில் கெட்டி. அக்காவின் கையில் நாலைந்து காலேஜ் பிராஸ்பெக்டஸ். பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பி.பி.ஏ. ஃபைனான்ஷியல் அனலிட்டிக்ஸ், பளபளப்பான அட்டையில் ஃபின்டெக் என்று போட்ட ஒரு பி.டெக். "இவ்வளவு தெளிவா பேர் போட்டு வச்சிருக்காங்க. நீங்க என்னமோ வெறும் மேத்ஸ் எடுக்கச் சொல்றீங்களே சார்" என்றார்.

கேள்வி நியாயமானது. ஓ.எம்.ஆரில் ஒரு வெளிநாட்டு வங்கியின் அலுவலகத்தில், மற்றவர்கள் கட்டிய கணித மாடல்கள் சரியா தப்பா என்று சோதிக்கிற வேலையில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் உட்கார்ந்திருக்கிறேன். பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாமல் வந்த மேத்ஸ் பிள்ளைகள் ஆறு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டார்கள். நிகழ்தகவு தெரியாமல் வந்த ஃபைனான்ஸ் பிள்ளைகள் ஆறு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அவர்கள் மக்கு என்பதல்ல காரணம். கணக்கு பதினெட்டிலிருந்து இருபத்தொன்றுக்குள் தினமும் உட்கார்ந்து பழகவேண்டிய சமாச்சாரம். வேலைக்குப் போன பிறகு அந்த நேரம் கிடைக்காது.

ஆனால் இதை இப்படி மொட்டையாகச் சொன்னால் இட்லிக் கடை அக்கா ஒப்புக்கொள்வாரா? அவருக்கு உதாரணம் வேண்டும். ஈ.சி.ஆர். ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வியாபாரம் மனை வியாபாரம்தான். அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

கோவளம் பக்கம் ஒரு மனை. இன்றைய விலை 50 லட்சம். மூன்று மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அதே 50 லட்சத்துக்குக் கிரயம் பண்ணிக்கொள்ளும் உரிமைக்காக ஓனரிடம் ஒரு தொகை கொடுக்கிறீர்கள். விலை ஏறினால் எழுதி வாங்கிக்கொள்வீர்கள். இறங்கினால் கொடுத்ததை மறந்துவிட்டு வேறு மனை பார்ப்பீர்கள். (நிஜ அட்வான்ஸ் விலையில் கழிந்துவிடும். இது கழியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அந்தத் தொகை எவ்வளவு இருந்தால் இரண்டு பக்கமும் நியாயம்? பங்குச் சந்தையில் இந்த உரிமைக்குத்தான் கால் ஆப்ஷன் என்று பெயர். நம் தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷன்கள் 2001 ஜூனிலிருந்து கைமாறிக்கொண்டிருக்கின்றன.

"விலை ஏறுமா இறங்குமான்னே தெரியாம எப்படி சார் தொகை சொல்றது?" என்றார் அக்கா. இதைவிட நல்ல கேள்வி எங்கள் ஆபீஸ் இன்டர்வியூவில்கூட வருவதில்லை.

மனையைத் துண்டு துண்டாக வாங்க முடியாது, அதனால் பங்குக்கு வந்துவிட்டேன். ஒரு பங்கு இன்றைக்கு 500 ரூபாய். மூன்று மாதம் கழித்து 600 ஆகும், அல்லது 450 ஆகும், வேறு வழியில்லை. வட்டி இல்லை என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்க்கு வாங்கும் உரிமை மூன்று உங்களிடம் இருக்கின்றன. 600 ஆனால் ஒவ்வொன்றிலும் 100, ஆக 300 ரூபாய் கிடைக்கும். 450 ஆனால் ஒன்றும் இல்லை. இப்போது அந்த உரிமைகளை வாங்காமல் வேறு ஒன்று செய்யுங்கள். 900 ரூபாய் கடன் வாங்கி, கையிலிருந்து 100 போட்டு, இரண்டு பங்கு வாங்குங்கள். விலை 600 ஆனால் உங்களிடம் 1,200, கடன் 900 போக மிச்சம் 300. விலை 450 ஆனால் உங்களிடம் 900, கடனுக்கே சரியாகிவிடும், மிச்சம் சைபர். அதே 300, அதே சைபர். அப்படியென்றால் மூன்று உரிமைக்கு விலை 100 ரூபாய், ஒன்றுக்கு 33 ரூபாய் 33 காசு. இதைவிடக் கூட்டி விற்றாலும் குறைத்து விற்றாலும் எதிர்ப்பக்கம் நிற்பவன் ரிஸ்க் எடுக்காமல் சம்பாதித்துவிடுவான்.

இதில் விலை ஏறுவதற்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று நான் எங்கேயும் கேட்கவில்லை பாருங்கள். அக்கா கேட்ட கேள்வியே தேவையில்லாமல் போய்விட்டது. 1973இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் மூவரும் செய்த காரியத்தின் முதுகெலும்பு இதுதான். 1997இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. பிளாக் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

மகள் நோட்டை வாங்கி, பங்கு x, கடன் y என்று இரண்டு சமன்பாடு எழுதி, தானே ஒரு தடவை போட்டுச் சரிபார்த்தாள். பத்தாம் வகுப்புக் கணக்குதான் என்று அவளுக்கே ஆச்சரியம். "அப்போ இதுக்கு எதுக்கு அங்கிள் இவ்வளவு பெரிய டிகிரி?"

என்ன பேப்பர் எடுக்கவேண்டும் என்பது இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவையா விலை மாறுகிறது? நொடிக்கு நொடி மாறுகிறது. அந்த ஒரு படியை ஆயிரம் படியாக, லட்சம் படியாக உடைத்துக்கொண்டே போனால் எல்லையில் என்ன வரும்? லூயி பாஷ்லியே என்ற பிரெஞ்சுக்காரர் 1900இலேயே தன் ஆய்வேட்டில் பங்குச் சந்தை விலையை இப்படிப் பார்த்தார். ஐன்ஸ்டைனின் பிரௌனியன் இயக்கக் கட்டுரைக்கு அது ஐந்து வருஷம் மூத்தது. பிரௌனியன் இயக்கம் என்ற அந்தத் தாறுமாறான தள்ளாட்டத்தின்மீது நுண்கணிதம் செய்ய வழி கண்டவர் ஜப்பானின் கியோசி இட்டோ, 1940களில். "எல்லையில் என்ன வரும்" என்று தைரியமாகக் கேட்க வேண்டுமானால் ரியல் அனாலிசிஸ் வேண்டும். நம் காலேஜ்களில் பிள்ளைகள் அதிகம் பயப்படும் பேப்பர் அதுதான். தேற்றங்களை மனப்பாடம் செய்து, வந்த கேள்விக்கு ஒப்பித்துவிட்டு வருகிறார்கள். மார்க் வரும், பேப்பர் கைக்கு வராது. வேறு எதை நோட்ஸ் பார்த்து ஓட்டினாலும் இதை ஓட்டக்கூடாது.

அந்த 600, 450 கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு விஷயம்: விலை ஏறும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, இறங்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று ஒரு பொய்யான நிகழ்தகவை வைத்து 100ஐயும் சைபரையும் சராசரி எடுத்துப் பாருங்கள். அதே 33 ரூபாய் 33 காசு வரும். நிஜ வாய்ப்பு என்னவாக இருந்தாலும் கவலையில்லை, விலை போடுவதற்கென்று சந்தையே ஒரு நிகழ்தகவை வைத்திருக்கிறது. ஒரு நிகழ்தகவிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுவது என்பதைக் கறாராகப் படிக்க மெஷர் தியரி வேண்டும். டிகிரியிலேயே அது கிடைக்கும் இடங்கள் குறைவு, கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் நிகழ்தகவை மட்டுமாவது ஒழுங்காக: எதிர்பார்ப்பு மதிப்பு, நிபந்தனை நிகழ்தகவு, மார்க்கோவ் சங்கிலி வரை. சிவப்புப் பந்து, பச்சைப் பந்து கணக்கோடு நின்றுவிடக் கூடாது.

லீனியர் அல்ஜீப்ரா பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பங்குக்கு இரண்டு சமன்பாடு. ஐந்நூறு பங்கு ஒன்றோடொன்று சேர்ந்து ஆடினால் ஐந்நூறுக்கு ஐந்நூறு அணி. வகைக்கெழுச் சமன்பாடுகளில் பகுதி வகைக்கெழு இருக்கும் பேப்பரை எடுங்கள். பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டை மாறிகளை மாற்றி எழுதினால் இரும்புக் கம்பியில் சூடு பரவுவதற்கான சமன்பாடாகவே ஆகிவிடும். பிசிக்ஸ் படித்தவர்கள் கூட்டமாக வால் ஸ்ட்ரீட்டுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் புள்ளியியல். 600, 450 என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேனே, நிஜத்தில் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? பழைய விலைகளைப் பார்த்து மதிப்பிடுவதுதான். ரிக்ரெஷன், டைம் சீரிஸ் இரண்டும் வேண்டும். சென்னைக் காலேஜ்களில் பி.எஸ்ஸி. மேத்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அலைடு பேப்பர் தேர்வு செய்ய விட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கெமிஸ்ட்ரி லேபில் மார்க் சுலபமாக வரும் என்று சீனியர் சொல்வார், கேட்காதீர்கள்.

நியூமரிக்கல் மெத்தட்ஸ் என்று ஒரு பேப்பர் உண்டு. பல இடங்களில் அதைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பேப்பரில் பத்து வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அதையே பைத்தானில் எழுதிப் பார்க்கவேண்டும். என்.பி.டி.இ.எல்.லில் மாதவன் முகுந்தின் பைத்தான் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது, ஆரம்பிக்க அது போதும். சி பிளஸ் பிளஸ் பிறகு வரட்டும்.

இந்த மாதவன் முகுந்த் வேறு யாருமில்லை, எங்கள் முட்டுக்காட்டுக் கழிக்கு அந்தக் கரையில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் இயக்குநர். சி.எம்.ஐ. என்றால்தான் தெரியும். காக்கை பறந்தால் ஐந்து நிமிஷம். நாம் கோவளம் போய், கேளம்பாக்கம் திரும்பி, ஓ.எம்.ஆரில் வடக்கே வந்து சிறுசேரி சிப்காட்டுக்குள் நுழையவேண்டும். 1989இல் கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி தி.நகரில் ஸ்பிக் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியாக ஆரம்பித்தது. 1998இல் பி.எஸ்ஸி. தொடங்கினார்கள். 2005இல் சிறுசேரிக்கு வந்தது. சுற்றிலும் ஐ.டி. கம்பெனி கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் இது. இங்கே எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு இடம் பக்கத்தில் இருப்பதே தெரியாது. போட் ஹவுஸுக்கும் தட்சிணசித்ராவுக்கும் வழி கேட்பவர்கள் உண்டு, சி.எம்.ஐ.க்கு வழி கேட்டு யாரும் என்னை நிறுத்தியதில்லை.

அங்கே பி.எஸ்ஸி. ஆனர்ஸில் மேத்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த ஒன்று, மேத்ஸும் பிசிக்ஸும் சேர்ந்த ஒன்று. ஃபைனான்ஸ் என்ற பேரே கிடையாது. ஆனால் அங்கே பல வருஷம் இயக்குநராக இருந்த ராஜீவ கரந்திகர் நிகழ்தகவியலாளர். கோபிநாத் கல்யாண்பூருடன் சேர்ந்து 2000இல் ஆப்ஷன் விலை நிர்ணயத்தைப் பற்றியே ஒரு பாடநூல் எழுதியவர். தேர்தல் கருத்துக்கணிப்புகளில் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், அவரேதான். பேரில் இல்லாத ஃபைனான்ஸ் உள்ளே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நுழைவுத் தேர்வு கடினம்தான். ஜே.இ.இ. மாதிரி வேகம் பார்ப்பதில்லை, நிரூபிக்கச் சொல்வார்கள். அதற்குப் பள்ளிக்கூடப் புத்தகம் மட்டும் போதாது. கிடைக்காமல் போனால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கத் தேவையில்லை. நம் ஊர்க்காரர் எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன் கதையைப் பாருங்கள். 1940இல் சென்னையில் பிறந்தவர். அப்பா பொன்னேரியில் பள்ளி ஆசிரியர். வரதன் கடற்கரை பிரசிடென்சி காலேஜில் எடுத்தது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆனர்ஸ், 1959இல் முடித்தார். தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படும் புள்ளியியல் படிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனார். அங்கே இருந்த சீனியர் பையன்கள் அவரை நிகழ்தகவுப் பக்கம் இழுத்துவிட்டார்கள். சி.ஆர். ராவிடம் ஆய்வு. ஆய்வேட்டைப் பார்த்தவர்களில் ஒருவர் ரஷ்யாவின் கொல்மொகொரோவ், நவீன நிகழ்தகவுக்கே அடித்தளம் போட்டவர். 1963இல் நியூயார்க் கூரான்ட் கழகம் போனார், 2007இல் ஏபெல் பரிசு. அவரும் ஸ்ட்ரூக் என்ற கணிதவியலாளரும் டிஃப்யூஷன்கள் பற்றிச் செய்த வேலை இன்று நிதிக் கணிதம் படிக்கிற எவருக்கும் அடிப்படைப் பாடம். அதே கூரான்டில் இப்போது நிதிக் கணிதத்துக்கென்றே மாஸ்டர்ஸ் இருக்கிறது. பிரசிடென்சியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இன்னும் இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணத்தில்.

அதனால் இட்லிக் கடை அக்காவிடம் நான் வரிசைப்படுத்திச் சொன்னது இது: சி.எம்.ஐ. அல்லது இந்தியப் புள்ளியியல் கழகம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால் நல்ல வாத்தியார்கள் இருக்கும் காலேஜில் பி.எஸ்ஸி. மேத்ஸோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோ. இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றால் அதுவும் பரவாயில்லை, முக்கியமான எலெக்டிவ்களைக் கணிதத் துறையில் எடுக்க விடுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் விடமாட்டார்கள். காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்த பிள்ளைகளுக்கு எகனாமிக்ஸோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோ நல்ல பாதை, அந்தந்தக் காலேஜ் சேர்த்துக்கொண்டால். பி.காம். முடித்துவிட்டு நேராகக் குவான்ட் பக்கம் வருவது முடியாத காரியம் இல்லை, ஆனால் நடுவில் இரண்டு வருஷம் கணக்குக்கே போகும்.

டிகிரிக்குப் பிறகு வெளிநாடு ஒன்றுதான் வழி என்று நினைப்பதும் தவறு. இதே ஈ.சி.ஆரில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், அங்கே புள்ளியியல் துறையில் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் எம்.எஸ்ஸி. உண்டு. கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்ஸி.க்கு ஜாம் தேர்வு, அதில் மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தனிப் பேப்பராகவே இருக்கிறது. அமெரிக்காவில் இந்தப் படிப்புக்குப் பெயர் போன இடங்களில் கட்டணமும் சாப்பாடு தங்குமிடமும் சேர்த்தால் கோடி ரூபாய் தாராளமாகத் தாண்டும். வீட்டை அடமானம் வைத்துப் போகிற இடமல்ல அது. போதாக்குறைக்கு நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் டிகிரி மூன்று வருஷம், அங்கே பல இடங்களில் நாலு வருஷம் கேட்பார்கள். இங்கே எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் போவதே பணத்துக்கும் நல்லது, படிப்புக்கும் நல்லது. ஐரோப்பாவில், குறிப்பாக பாரிஸில், நிகழ்தகவும் நிதியும் சேர்ந்த மாஸ்டர்ஸ்கள் உலகப் பெயர் பெற்றவை, அமெரிக்காவோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. அதைப் பற்றி நம் கன்சல்டன்சிக்காரர்கள் வாய் திறப்பதில்லை. கமிஷன் வராது போல.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். "நான் இப்பவே ஆப்ஷன் டிரேடிங் பண்ணிப் பழகிக்கறேன், அது பிராக்டிகல் நாலெட்ஜ்" என்று சொல்லும் பையன்கள் இப்போது தெருவுக்கு இரண்டு பேர். யூடியூபில் யாரோ காரைக் காட்டியிருப்பார். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கம் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் அல்கோ வழியாக வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த அல்கோவை எழுதுகிறவர்கள் முதலில் ரியல் அனாலிசிஸ் பேப்பரைத் தாண்டியவர்கள். படிக்கிற காலத்தில் டீமேட் கணக்கு தேவையில்லை.

ஃபைனான்ஸே வேண்டாமா என்றால், ஒரு பேப்பர் போதும். பாண்ட் என்றால் என்ன, வட்டி விகிதம் ஏறினால் பாண்ட் விலை ஏன் இறங்குகிறது, ஃபார்வர்டு ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது, அவ்வளவுதான். மிச்சத்தை மாஸ்டர்ஸில் எப்படியும் முதலிலிருந்து சொல்லித்தருவார்கள். அங்கே யாரும் உங்களுக்கு லீனியர் அல்ஜீப்ரா சொல்லித்தரமாட்டார்கள்.

அக்கா முழுசாக ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். "மூணு வருஷம் கணக்கு படிச்சா வேலை கிடைக்குமா" என்பதிலேயே நிற்கிறார். வங்கி, இன்ஷூரன்ஸ், டேட்டா சயின்ஸ் எல்லாவற்றுக்கும் இதே பேப்பர்கள்தான் என்று சொன்னேன். குவான்ட் கனவு நடுவில் கலைந்தாலும் கையில் இருப்பது வீணாகாது. இதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. பிரசிடென்சிக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள், இரண்டு தனியார் காலேஜுக்கும் போடுகிறார்கள். சி.எம்.ஐ. தேர்வு இந்த வருஷம் முடிந்துவிட்டது.

மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினேன். அதே பங்கு, அதே 500. ஆனால் மூன்று மாதம் கழித்து 600 ஆகலாம், 450 ஆகலாம், 500லேயே நிற்கவும் செய்யலாம். இப்போது அந்த உரிமைக்கு விலை என்ன?

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். நாலு பக்கம். மூன்று சமன்பாடு, இரண்டு மாறி. "எப்படிப் போட்டாலும் வரமாட்டேங்குது அங்கிள். 600க்கும் 500க்கும் சரியா வந்தா 450ல இடிக்குது."

வராது. ஒரு பங்கையும் கடனையும் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நிலைமையைச் சமாளிக்க முடியாது. சைபருக்கு மேல், 33 ரூபாய் 33 காசுக்குக் கீழ், நடுவில் எந்த விலையைச் சொன்னாலும் உன்னைத் தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்று பதில் போட்டேன்.

"அப்போ ஆபீஸ்ல எந்த விலை போடுவீங்க?" என்று உடனே கேட்டாள். அதற்குத்தான் எங்கள் தளத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன்.